நல்லம்மாளுக்கு ஒரு கடிதம்

அழகேசன் கைக்கடிகாரம் கட்டத் தொடங்கியது பயிற்சிக்குப் போன மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை. செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டிய காலத்தில் மேற்பார்க்கிற மண்டோர் குரல் கொடுத்தால் வேலை, வெயில் உச்சிக்கு வந்தால் சோறு. தோட்டம் கைமாறி ஆட்களை வெளியே அனுப்பிய பிறகு, சொந்தமாக விளக்குமாறு கட்டி விற்ற இந்தப் பதினைந்து வருஷத்திலும் வானத்தைப் பார்த்துத்தான் வேலை நடந்தது. இப்போது இடது கையில் கறுப்பு வார் போட்ட கடிகாரம். ஈர்க்கு சீவும்போது வார் வேர்வையில் அரித்தது. அவன் அவிழ்க்கவில்லை.

தஞ்சோங் காராங் தாண்டி சபாக் போகிற பெரிய சாலையிலிருந்து உள்ளே பிரிகிற மண் பாதையில் அவன் கொட்டகை. தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது கழித்துப் போடுகிற மட்டைகளை அவன் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் கட்டி இழுத்து வருவான். பெண்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஓலையைக் கிழித்து, சின்னக் கத்தியால் பச்சையைச் சீவி எறிந்துவிட்டு நடு ஈர்க்கை எடுப்பார்கள். ஈர்க்கை வெயிலில் பரப்பிக் காய வைக்க வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் போதும், மறுநாள் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும்.

சீவுகிறவர்கள் நாலு பேர். அவன் மனைவி திலகா, பின்வரிசை வீட்டிலிருந்து வரும் அக்கா தங்கை இரண்டு பேர், நல்லம்மாள்.

நல்லம்மாளுக்கு அறுபத்தொன்று. புருஷன் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிவிட்டது. அழகேசன் வீட்டு வரிசையிலேயே கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். தோட்டத்தில் அழகேசன் நீளக் கழி பிடித்துக் குலையை அறுத்துத் தள்ளினால், பின்னாலேயே உதிரிப் பழம் பொறுக்கி வந்தவள் அவள்தான். பத்தொன்பது வருஷம் ஒரே நிரை. அவன் கழி சாய்கிற பக்கத்தைப் பார்த்தே குலை எங்கே விழும் என்று சொல்வாள்.

கோலசிலாங்கூரில் மலையடிவாரத்து மண்டபம் ஒன்றில் அந்தப் பயிற்சி நடந்தது. சிறு வியாபாரிகளுக்கு நிர்வாகம் சொல்லித்தரும் வகுப்பு. எட்டு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டோடு. பாகான் நக்கோடா ஓமாரில் கருவாட்டுக் களம் வைத்திருக்கும் சீன முதலாளி, எல்லாரும் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், களம் கூட்டும் நீள விளக்குமாறு மாதம் இருநூறு வேண்டும் என்று கேட்டிருந்தார். கொடுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அழகேசன் கொட்டகையில் அதுவரை நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. அதனால்தான் போனான்.

வகுப்பெடுத்த நிருபா கோலாலம்பூர்க்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். முதல் நாள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, "எங்க தாத்தா இந்தப் பக்கம்தான் ஒரு எஸ்டேட்டில கிராணியா இருந்தவர்" என்றாள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முன்னால் நின்றே பழகிய அழகேசன் தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். கிராணியின் பேத்தி அவனை 'அங்கிள்' என்று கூப்பிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டாள்.

பக்கத்து நாற்காலி ஜெய்னுலாப்தீன். பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அழகேசன் தாளைப் படிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை நகர்த்திக்கொண்டே போவதைப் பார்த்து, "என்னண்ணே, காகிதத்துல ரோடு போடுறீங்களா" என்றார்.

"நாப்பது வயசுல படிச்சது பாய். விரல எடுத்தா எழுத்து ஓடிரும்."

"அதுவும் சரிதான். என் கடைப் பையனுங்க கண்ணாலயே படிக்கிறானுங்க, ஆர்டர் தப்பாத்தான் வருது."

நாற்பது வயதில் அவன் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தோட்டம் கைமாறியபோது ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். மலாய்க் கடிதம். போனஸ் என்று நினைத்து அழகேசன் அதைச் சட்டைப் பையில் மூன்று நாள் வைத்துக்கொண்டு திரிந்தான். மளிகைக் கடையில் யாரோ அதை வாங்கி எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். வேலை இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற நல்லம்மாள் தன் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "ஒருத்தருக்குப் படிச்சா போதும். எல்லாத்துலயும் அதேதான் இருக்கும்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வருஷமே கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவன் சேர்ந்தான். அவளையும் கூப்பிட்டான். "நீ படி, எனக்கும் சேத்து" என்றாள்.

அப்படியே நடந்தது. கொட்டகையில் பத்து மணிக்கு நல்லம்மாள் தேத்தண்ணி போடுவாள். அவன் விரலை நகர்த்தி நகர்த்திப் பத்திரிகை படிப்பான். அவளுக்கு மரண அறிவித்தல் கேட்க வேண்டும். "தெரிஞ்ச பேரு எதுவும் இருக்கா? இல்லையா? அப்போ இன்னிக்கு நல்ல நாளுதான்" என்பாள்.

மூன்றாவது ஞாயிறு நிருபா ஒரு வேலை கொடுத்தாள். ஒவ்வொரு ஆளும் மணிக்கு எவ்வளவு செய்கிறார், நேரம் எங்கே போகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுத வேண்டும். அழகேசன் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுத் தூணில் ஒட்டினான்.

"என்னடா அழகேசா, குதிரைப் பந்தயமா?" என்றாள் நல்லம்மாள். "என் மேல எவ்வளவு கட்டியிருக்க?"

அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான்.

வாரக் கடைசியில் நல்லம்மாளின் கட்டம்தான் மெலிந்து கிடந்தது. மற்றவர்கள் ஏழு கட்டு சீவுகிற நேரத்தில் அவள் நாலு. காலையில் எல்லார் கத்தியையும் தன் சாணைக்கல்லில் தீட்ட முக்கால் மணி. தேத்தண்ணிக்கு இருபத்தைந்து நிமிஷம். நடுவில் எழுந்து போய் வானத்தைப் பார்ப்பது, காய்கிற ஈர்க்கைப் புரட்டுவது. கட்டத்துக்கு மேலே 'சீவிய கட்டு' என்று மட்டும்தான் போட்டிருந்தான். மற்றதையெல்லாம் கீழே 'வீண்' என்று எழுதினான். அந்தச் சொல்லை நிருபாதான் பலகையில் எழுதிக் காட்டியிருந்தாள்.

ஐந்தாவது ஞாயிறு ஆட்களை நிர்வகிப்பது பற்றி. மூன்று மாதிரிக் கடிதம் கொடுத்தாள். பாராட்டு, எச்சரிக்கை, வேலை நிறுத்தம். "இந்த மூணாவது கடைசி ஸ்டெப். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையாவது அவங்களோட உக்கார்ந்து பேசியிருக்கணும். பேசாம லெட்டர் குடுக்கவே கூடாது, ஓகே?" என்றாள். பிறகு எழுதிப் பழகச் சொன்னாள். அழகேசன் மூன்றாவதை எடுத்தான். நல்லம்மாள் பெயரையே போட்டு ஒரு மணி நேரம் குனிந்து எழுதினான். நிருபா வாங்கிப் பார்த்து, "அங்கிள், எவ்வளவு நீட்டா இருக்கு! ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்ல" என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். கைதட்டினார்கள். அவன் காது சூடானது. அவன் வாழ்க்கையில் முழுசாக எழுதிய முதல் கடிதம் அது.

பேசச் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை. நல்லம்மாள் முன்னால் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, என்ன சொல்லித் தொடங்குவது? காகிதத்துக்கு முகம் கிடையாது.

சனிக்கிழமை சம்பள உறையோடு அந்தக் கடிதத்தையும் நல்லம்மாளிடம் நீட்டினான்.

"இது என்ன, ரெண்டு உறை?"

"கடுதாசி, அக்கா."

"எனக்கா?" அவள் கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "எங்க, என் பேரு எது?"

அவன் விரல் வைத்துக் காட்டினான்.

"இத்தனை எழுத்தா?"

"ஆறு."

"எனக்கு யாரும் கடுதாசி போட்டதில்ல அழகேசா. தோட்டத்துல குடுத்தது ஒண்ணுதான்."

"வீட்டுல போயி பாருங்க" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

"பாக்கத்தான முடியும்" என்று அவள் சிரித்தது பின்னால் கேட்டது.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பாதையில் திரும்பும்போதே சாணைக்கல்லில் கத்தி தேய்கிற சத்தம் வந்தது. அழகேசன் வண்டியை அப்படியே நிறுத்திக் கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றான். பிறகு உள்ளே போனான். "பசியாறிட்டியா?" என்று நல்லம்மாள் கேட்டாள். "ஆச்சுக்கா" என்றான். பத்து மணிக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், வாங்கினான். பத்திரிகை வரவில்லை என்று பொய் சொன்னான். செவ்வாயும் அப்படியே போனது.

புதன்கிழமை சாயங்காலம் திலகா வீட்டுப் பின்னால் குந்தி, தொட்டியில் கேராங் சிப்பியைப் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் தலை தூக்காமல் கேட்டாள்.

"அந்தக் கடுதாசி நீங்க எழுதினதா?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"படிச்சுச் சொல்லு புள்ளன்னு எங்கிட்ட குடுத்துச்சு. படிச்சேன். கண்ணாடி கொண்டு வரலக்கான்னு திருப்பிக் குடுத்தேன். கண்ணாடி என் தலைமேலதான் இருந்துச்சு. அது பாத்துக்கிட்டேதான் இருந்துச்சு."

"தவுக்கே இருநூறு கேக்குறாரு திலகா. கட்டத்தப் பாரு, நாலுதான் சீவுது."

"மழ வாசம் புடிச்சு அந்தக்கா ஓடிப்போயி ஈர்க்க அள்ளலன்னா, தவுக்கேக்குப் பூசணம் புடிச்ச விளக்குமாறுதான் போகும். அத எந்தக் கட்டத்துல எழுதினீங்க? நம்ம கத்தியெல்லாம் தானா தீட்டிக்குதா?"

"டீச்சரு சொல்லித்தான்..."

"டீச்சரு இந்தக்காவப் பாத்திருக்காங்களா?" சிப்பியை ஓங்கி அலசினாள். "நல்ல எழுத்து. ஒரு பிழை இல்ல."

அவன் மெல்ல, "நீயே பக்குவமா சொல்லிரு" என்றான்.

"நான் எழுதலீங்க" என்றாள் திலகா.

அதோடு அவள் அவனிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு வைத்தாள், கேராங் வறுத்து வைத்தாள். தட்டு வைக்கிற சத்தத்தில் மட்டும் கோபம் இருந்தது. வெள்ளிக்கிழமை வெயில் எரிந்துகொண்டிருக்கும்போதே நல்லம்மாள் எழுந்து, "அள்ளுங்க, அள்ளுங்க" என்று களத்துக்கு ஓடினாள். மூட்டை கட்டி உள்ளே போடவும் கடலோரத்திலிருந்து மழை வந்து தகரத்தில் அறையவும் சரியாக இருந்தது. தூணில் ஒட்டிய தாள் சாரலில் நனைந்து எழுத்து வழிந்தது. அழகேசன் அதை எடுத்து மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிருபா கேட்டாள். "அங்கிள், லெட்டர்ல பேரு போட்டிருந்தீங்களே, அந்த வொர்க்கர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன் டீச்சர்."

"அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

"புரிஞ்சுக்கிட்டாங்க டீச்சர்."

"பாருங்க, அங்கிள் மாதிரி நேர்ல பேசிட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சது" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். கை தட்டினார்கள். ஜெய்னுலாப்தீன் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

சாப்பாட்டு நேரம். மண்டபத்துக்கு வெளியே மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தன. ஜெய்னுலாப்தீன் பக்கத்தில் வந்து நின்று சிகரெட் பற்ற வைத்தார்.

"வியாழக்கிழமை உங்க ஆளு என் கடைக்கு வந்துச்சுண்ணே. கிளினிக்குக்கு வந்த எடத்துல. அழகேசன் கூடப் படிக்கிற பாய் நீங்கதானே, இதப் படிங்கன்னு குடுத்துச்சு."

அழகேசன் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்தான்.

"படிச்சுட்டு, கடையில கூட்டமா இருக்குதும்மான்னு திருப்பிக் குடுத்துட்டேன். மூணு மணிண்ணே. ஒரு ஈ இல்ல கடையில. நானும் குழம்புல தண்ணி ஊத்தி ஆள ஏமாத்துனவன்தான், இல்லேங்கல. ஆனா அந்த அம்மா காலி நாற்காலிய எல்லாம் ஒரு தடவ பாத்துச்சு பாருங்க. பாத்துட்டு, 'ஆமா, ரொம்பக் கூட்டம்தான்'னு சொல்லிட்டுப் போச்சு." புகையை விட்டார். "உங்கள ஒண்ணும் சொல்லல. நானும் ஆள நிறுத்தியிருக்கேன். வாயால திட்டித்தான் நிறுத்தியிருக்கேன்."

மத்தியான வகுப்பில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் வயல் அறுத்துக் கிடந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நல்லம்மாள் நாளைக்குத் தானாகவே வராமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். காய வைக்க வழியில்லை. எல்லாரும் உள்ளே நெருக்கி உட்கார்ந்து சீவினார்கள். ஒன்பது மணி இருக்கும். நல்லம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். பால்மாவு வந்த பிளாஸ்டிக் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, அவன் முன்னால் கட்டையில் உட்கார்ந்தாள்.

"படி."

"என்னக்கா?"

"மூணு பேருகிட்ட குடுத்துட்டேன். உன் பொண்டாட்டி, அந்தப் பாயி, கோயிலு பண்டாரம். மூணு பேரும் கண்ணால படிச்சாங்க. படிச்சதும் மூணு பேருக்கும் கண்ணு தெரியாமப் போச்சு. நீதான எனக்கும் சேத்துப் படிச்சவன். படி."

கொட்டகையில் சீவுகிற சத்தம் நின்றது. திலகா ஈர்க்கைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். அழகேசன் காகிதத்தை வாங்கி முழங்காலில் விரித்தான். மடிப்பில் அழுக்கேறி இருந்தது. அவள் பெயருக்குக் கீழே மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள்.

"திருமதி நல்லம்மாள் அவர்களுக்கு" என்று படித்தான். "தாங்கள் பல வருஷமா... நம்ம கொட்டகையில உழைச்சு வர்றதப் பாராட்டி..."

"அழகேசா."

நிறுத்தினான்.

"நீ படிச்சா விரல் நவுரும். விரல் என் பேருலயே நிக்குது."

மழைத் தண்ணீர் தகர விளிம்பிலிருந்து கோடு கோடாக விழுந்தது. அவன் விரலை எடுத்து இரண்டாம் வரியில் வைத்தான். நகர்த்தினான்.

"தங்களின் வேலை வேகம்... நமது நிறுவனத்தின் இலக்குக்குப் போதுமானதாக இல்லை. ஆகவே... வருகிற திங்கட்கிழமை முதல்... தங்களின் சேவை தேவைப்படாது என்பதை... வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, அழகேசன். உரிமையாளர்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"வருகிற திங்கக்கிழமைன்னா, போன திங்கக்கிழமதான?"

"ம்."

"அப்போ ஆறு நாளா எனக்கு இங்க வேலை இல்ல." அவள் குரல் ஏறவில்லை. "ஆறு நாளும் என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சியே."

அவனால் அவள் முழங்காலுக்கு மேலே பார்க்க முடியவில்லை. "குடுங்கக்கா, கிழிச்சுப் போட்டுர்றேன். நீங்க இருங்க."

"எதுக்குக் கிழிக்கிற? என் பேரு எழுதின காகிதம்." வாங்கி அதே மடிப்பில் மடித்தாள். "அந்தத் தோட்டத்துக் கடுதாசிய வெள்ளக்காரன் பாஷையோ மலாயோ, தெரியாத பாஷைன்னு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேன். இது நான் பேசுற பாஷையா இருக்குது."

கத்தியையும் சாணைக்கல்லையும் பையில் போட்டாள். இரண்டும் அவளுடையவை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள். சேறு என்பதால் ஓரமாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தாள்.

பத்து மணி ஆனது. யாரும் எழவில்லை. அக்காக்காரி அடுப்பைப் பார்த்தாள், தங்கை திலகாவைப் பார்த்தாள். திலகா சீவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழகேசன் எழுந்து போய்க் கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்டினான். தேயிலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று டின்னைத் திறந்தான். ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தான். முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"கத்தி மழுங்கிப் போச்சுண்ணே" என்றாள் தங்கை. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள் போலக் குனிந்துகொண்டாள்.

அவன் கடிகாரத்தை அவிழ்த்துத் தூணில் ஆணியில் மாட்டினான். அப்படியே நடந்தான். வண்டியை எடுக்கவில்லை. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நல்லம்மாள் தரையில் உட்கார்ந்து கருவாட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாயால சொல்ல வந்தியா, எழுதிக் கொண்டாந்தியா?"

அழகேசன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஈர்க்கு கீறிய கோடுகள்தான் இருந்தன.

"அப்போ சொல்லு."

வாசல்படிக்கு வெளியே மழையில் நின்றபடியே சொன்னான். கட்டம் போட்டது, வீண் என்று எழுதியது, முதலில் பேசச் சொன்னதைக் கேட்டும் பேசாதது, கைதட்டு வாங்கியது, நேற்று டீச்சரிடம் சொன்ன பொய். நேற்று வரும் வழியில் நினைத்ததையும் சொன்னான். அவள் கருவாட்டு முள்ளை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே கேட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தேத்தண்ணி யாரு போட்டா?" என்றாள் கடைசியில்.

"நான்தான்."

"சீனி?"

"கூடிப்போச்சு."

நல்லம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கும் நீயே போடு."

நாளைக்கு வருகிறேன் என்று சொன்னாளா, வரமாட்டேன் என்று சொன்னாளா என்று அவன் கேட்கவில்லை. கதவு பாதி திறந்தபடியே இருந்தது. அழகேசன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நனைந்துகொண்டு நின்றான்.